டிரைவர் சீட்டில் தெளித்த மஞ்சள் தண்ணீர்

டி.எஸ்.பி. அலுவலக மனு விசாரணையில் மனுதாரர் சொல்ல எழுதப்பட்டது. நாள்: 20.08.2007.

பெயர் பாண்டிராஜ், வயது 31, தகப்பனார் பெயர் வேலுச்சாமி (காலஞ்சென்றவர்), கிழக்குத் தெரு, தாயில்பட்டி, வெம்பக்கோட்டை வழி, விருதுநகர் மாவட்டம். தொழில் கார் டிரைவர்.

நான் மேற்படி முகவரியில் என் தாயார் அய்யம்மாள், என் அண்ணன் கதிரவனின் மனைவி, அவர்கள் மகள் இசைவாணி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். அண்ணன் கதிரவனும் எங்களோடுதான் இருந்தார். இப்போது இல்லை. அவர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். என்னையும் அதே வேலைக்குக் கூட்டிப் போக வந்த ஏஜெண்டைத் திருப்பி அனுப்பி, "நீயாச்சும் மருந்து வாடை இல்லாம சோறு தின்னுடா" என்று சொல்லி எனக்கு டிரைவர் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்த லைசென்ஸ்தான் இப்போது இந்த கேஸில் மாட்டிக் கிடக்கிறது. அது போனால் இந்தப் பக்கத்தில் எனக்குக் கிடைக்கக்கூடிய அடுத்த வேலை அண்ணன் பார்த்த வேலைதான். இந்த விவரம் விசாரணைக்குத் தேவையில்லை என்று எழுதுகிற ஏட்டையா சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

நான் விருதுநகரில் கார்களை வாடகைக்கு விடும் சங்கையா என்பவரிடம் டிரைவராக இருந்து வந்தேன். கடந்த 10.08.2007 ஆடி வெள்ளிக்கிழமை அதிகாலையில், காரியாபட்டிக்கு அருகில் உள்ள சோலைச்சாமி என்பவர் வீட்டுக்கு எஸ்டீம் காரை எடுத்துப் போகும்படி சங்கையா என்னிடம் சொன்னார். சோலைச்சாமி நிலபுலன் உள்ளவர். அவருடைய மகள் அருணாதேவியும் மருமகன் மணிமுத்துவும் அமெரிக்காவிலிருந்து வந்திருப்பதாகவும், வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் வைப்பாற்றங்கரையில் உள்ள அவர்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போவதாகவும், கிடாயும் சமையல் ஆட்களும் முதலிலேயே டெம்போவில் போய்விட்டதாகவும் சொன்னார். அதன்பின் நான் காரைக் கழுவித் துடைத்து, சீட்டுகளுக்கு வெள்ளை உறை மாட்டி, என் லைசென்ஸை எப்போதும் போல வண்டிப் பேப்பர்களோடு டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு புறப்பட்டு, விடிவதற்குள் அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

வாசலில் நிறுத்தியதும் மருமகன் மணிமுத்து வெளியே வந்து, காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாவியை வைத்துவிட்டு என்னை பஸ்ஸில் போகச் சொன்னார். கார் மட்டும் வாடகைக்கு வேண்டும் என்றுதான் கேட்டதாகவும் டிரைவர் கேட்கவில்லை என்றும் சொன்னார். நான் சங்கையாவுக்கு போன் போட்டுக் கொடுத்தேன். மஞ்சள் போர்டு வண்டியை டிரைவர் இல்லாமல் விடுகிற வழக்கம் தன்னிடம் இல்லை என்று சங்கையா சொல்லியிருக்கிறார். அதற்கு மணிமுத்து தன் மாமனாரிடம், "அங்கல்லாம் காரை மட்டும் எடுத்துக்குவோம் மாமா. எவனோ ஒருத்தன் முன்னால உட்கார்ந்துக்கிட்டு நம்ம குடும்பத்துப் பேச்சு பூராத்தையும் கேட்டுக்கிட்டு வர்றது எனக்குப் பிடிக்காது" என்றார். அந்த எவனோ ஒருத்தனாகிய நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். டயரில் காற்று பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

அதன்பின் ஓட்டிக் காட்டுகிறேன் என்று மணிமுத்து காரில் ஏறி வாசலிலேயே ஒரு வட்டம் அடித்தார். இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து அவர் கை வைத்தது வைப்பரில். காய்ந்த கண்ணாடியில் அது கிரீச் கிரீச் என்று தேய்த்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "அங்க எல்லாமே இதுக்குத் தலைகீழ். கை பழகிரும்" என்று அவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். சோலைச்சாமிதான் பேச்சை முடித்து வைத்தார். "சீசன் நேரம். ரோடு பூராம் பட்டாசு லோடு லாரிதான். அங்கன ஓடிப் பழகுன ஆளே ஓட்டட்டும் மாப்ள" என்றார். பிறகு என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். அதற்கு மேல் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பின் சோலைச்சாமி, அவர் மனைவி வீரலட்சுமி, மகள், மருமகன் நால்வரையும் ஏற்றிக்கொண்டு விருதுநகர், சிவகாசி வழியாகப் போனோம். நான் பேசவில்லை. ரேடியோகூடப் போடவில்லை. குடும்பத்துப் பேச்சு என் காதில் விழக்கூடாது என்று நினைப்பவர்கள் என் காதுபடத்தான் எல்லாம் பேசிக்கொண்டு வந்தார்கள், அது எனக்கு வேண்டாத விஷயம். வெம்பக்கோட்டையைத் தாண்டுகிற இடத்தில் என் செல்போன் தொடர்ந்து அடித்தது. ஓரங்கட்டி எடுத்தேன். எங்கள் தெருக்காரர் பேசினார். கம்பெனியில் வெடித்துவிட்டது என்றும் அண்ணன் போய்விட்டார் என்றும் சொன்னார். எனக்குக் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. என்னவென்று மகள் அருணாதேவி கேட்டார். சொன்னேன். "ஐயோ அண்ணே" என்றார். அந்தக் காரில் எனக்காக ஒரு சொல் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

தீட்டு என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னேன். அண்ணன் இறந்த தீட்டோடு சாமி காரியத்துக்கு நான் வரக்கூடாது, இந்த வண்டியையும் நான் தொட்டு ஓட்டக்கூடாது என்று என் வாயால்தான் சொன்னேன். எங்கள் தெருவிலும் தீட்டு உண்டு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வேறு டிரைவர் வரும்வரை நிழலில் இருங்கள் என்றும், அவர் வந்து வண்டியை எடுத்ததும், போகிற வழிதானே, என்னை எங்கள் ஊருக்குப் பிரிகிற தாயில்பட்டி விலக்கில் மட்டும் பின்னால் ஓரமாக உட்கார வைத்து இறக்கிவிடுங்கள் என்றும் கேட்டேன். அதற்கு சோலைச்சாமி, "பொங்கப் பானையும் சாமி பட்டும் வண்டிக்குள்ள இருக்குப்பா. தெரிஞ்சே கொண்டுக்கிட்டுப் போகக் கூடாது. இங்கனயே இறங்கிக்க" என்றார். இறங்கினேன்.

மணிமுத்து சங்கையாவுக்கு போன் போட்டார். சங்கையா என்னிடம், "சாவியக் குடுத்துட்டுப் போப்பா. அவுகளே ஓட்டிக்கிறாகளாம். பெரிய எடம், ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். காலையில் கிடையாது என்று சொன்ன வழக்கம் மதியத்துக்குள் மாறிவிட்டது. லைசென்ஸ் இருக்கிறதா என்று நான் மணிமுத்துவைக் கேட்டேன். ஒரு கார்டை எடுத்துக் காட்டினார். அமெரிக்க கார்டு. அதை வாங்கி வாசிக்கிற நிலையில் நான் இல்லை. சாவியை அவர் கையில் கொடுக்காமல் பானெட்டின் மேல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

அதன்பின் நடந்ததை இங்கே கட்டாயம் எழுத வேண்டும். நான் ரோட்டைக் கடந்து நின்று ஏதாவது வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, வீரலட்சுமி அம்மாள் கிடாய்க்கு வைத்திருந்த மஞ்சள் தூளைச் செம்பில் போட்டு, பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, வேப்பங்குழையால் நான் உட்கார்ந்திருந்த டிரைவர் சீட்டிலும் ஸ்டியரிங்கிலும் தெளித்தார். கொஞ்சமாகத் தெளிக்கவில்லை. சீட்டு உறை சொட்டச் சொட்ட நனைந்தது. காய்வதற்குக்கூடப் பொறுக்காமல் மணிமுத்து பட்டு வேட்டியோடு அதில் ஏறி உட்கார்ந்தார். கார் போய்விட்டது. எனக்கு ஊர் போய்ச் சேரும் நினைப்பு மட்டுமே இருந்தது. என் லைசென்ஸ் டேஷ்போர்டிலேயே இருந்ததும் அப்போது நினைவில் இல்லை. தீப்பெட்டி லோடு ஏற்றிய வேன்காரர் ஒருவர் விவரம் கேட்டு முன் சீட்டிலேயே என்னை உட்கார வைத்துக் கூட்டிப் போனார்.

அதன்பின் பெரியாஸ்பத்திரியிலிருந்து அண்ணனைக் கொண்டுவந்தார்கள். முகத்தைத் திறக்க விடவில்லை. தாயார் காலை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, இது அவன்தான் என்று சொன்னார். அண்ணனுக்கு மகன் இல்லாததால் நான்தான் கொள்ளி வைக்க வேண்டும். வெயில் தாழச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனோம். அங்கே கண்மாய்க்கரையில் பெத்தணன் என்பவர் எனக்குத் தலை சிரைத்துக்கொண்டிருந்தார். பாதித் தலை முடிந்திருந்த நேரத்தில்தான் ரோட்டுப் பக்கம் கூச்சல் கேட்டது. விலக்குப் பக்கத்தில் ஏதோ கார் மோதிவிட்டது என்று ஆட்கள் ஓடினார்கள். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. இதற்குப் பெத்தணனும், அங்கே நின்ற எங்கள் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் சாட்சி.

மோதப்பட்டவர் குருவம்மாள் என்பவர். அண்ணன் வேலை பார்த்த கம்பெனியில் திரி அறுக்கிறவர், ஆனைக்குட்டத்துக்காரர். கம்பெனியில் உயிர் பிழைத்தவர்களைப் போலீஸார் விசாரித்து அனுப்ப நேரமாகிவிட்டதால், பிணம் எடுப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று பஸ்ஸை விட்டு இறங்கி, நான்கு பெண்களோடு மாலையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். பொங்கல் முடிந்து திரும்பி, கோவில் பாதையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறிய அதே எஸ்டீம் கார், போக வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாகவே வந்து அவரை அடித்துத் தள்ளிவிட்டுக் கருவேல மரத்தில் இடித்து நின்றிருக்கிறது. விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் சின்னச்சாமிதான் முதலில் ஓடியவர். அவர் சொன்னது: "வானத்துல ஒரு பொட்டு மேகம் கெடையாது. அந்தக் கண்ணாடியில வைப்பரு இங்கிட்டும் அங்கிட்டும் ஆடிக்கிட்டே இருக்கு. ஓட்டுனவுக பட்டு வேட்டி கட்டியிருந்தாக. இறங்கித் திரும்புனா பின்னால பூராம் மஞ்சக் கறை." இதை அவர் இங்கு வந்து சொல்லவும் தயாராக இருக்கிறார். அவரை இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஆட்கள் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆனது, அதுவரை காரியம் அப்படியே நின்றது. பெத்தணன் மீதித் தலையைத் தொடுவதற்குள் சங்கையா மோட்டார் சைக்கிளில் சுடுகாட்டுக்கே வந்துவிட்டார். விருதுநகரிலிருந்து இழவுக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் தோளைத் தொட்டு, கொஞ்சம் ஸ்டேஷன் வரை வர வேண்டும், ஒரு கையெழுத்துதான் என்றார். வண்டியை நான் ஓட்டியதாகவும் பயந்து ஓடிவிட்டதாகவும் சோலைச்சாமி சொல்லிவிட்டதாகவும், டேஷ்போர்டில் இருந்த என் லைசென்ஸை அங்கே கொடுத்தாகிவிட்டது என்றும், இன்சூரன்ஸுக்கு வேறு வழி இல்லை என்றும் என் காதில் சொன்னார். பெத்தணன் கத்தியை எடுத்துக்கொண்டு, "மொதலாளி, பாதித் தலையோட எங்கிட்டுக் கூட்டிட்டுப் போறீக? தள்ளி நில்லுங்க" என்றார். நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்திருந்தால் அன்று அங்கே இரண்டாவது பிணம் விழுந்திருக்கும். இதையும் எழுதச் சொல்கிறேன், மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. அதன்பின் அண்ணனுக்குக் கொள்ளி வைத்தேன்.

மறுநாள் சுடுகாட்டில் பால் ஊற்றிக் காடாத்து முடித்து, குருவம்மாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் இரண்டு இடத்தில் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏலே பாண்டி, அண்ணன் பொணம் வீட்டுல கெடக்கையில நீ டிரிப்பு ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சியாலே? அவன் எளவுக்கு வந்த என்னையவாலே அடிச்ச?" என்று கேட்டார். அப்படி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். விழுந்தவர் ஓட்டியவர் முகத்தைப் பார்க்கவில்லை, என்ன செய்வார். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, என் தலையைத் தடவி அழுதார். ஆனால் அவரிடம் சொன்னது போல ஆனைக்குட்டத்திலும் சிவகாசியிலும் ஒவ்வொருவரிடமும் போய் நான் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கூடப்பிறந்தவன் செத்த செய்தி கேட்டும் வண்டியை விட்டு இறங்காதவன் என்ற பெயரோடு நான் எங்கள் தெருவில் எப்படி நடப்பது? என் அண்ணன் மகள் இசைவாணி விவரம் தெரியும் வயதில் இதைக் கேட்டால் என் தாயார் என்ன பதில் சொல்வார்?

அதன்பின் சோலைச்சாமி வேறொரு காரில் எங்கள் ஊர் விலக்குக்கு வந்து, தெருவுக்குள் வராமல் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். போனேன். அதட்டிப் பேசவில்லை, அன்பாகத்தான் பேசினார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்கிறேன். "மாப்ளைக்கு இந்த ஊரு லைசென்ஸு கெடையாது. கேஸுன்னு ஆச்சுன்னா திரும்பி அமெரிக்கா போக முடியாது. அவுக பொழப்பே போயிரும். நீ டிரைவரு. ஒனக்கு ஆக்சிடெண்ட் கேஸு சாதாரணம். மிஞ்சிப் போனா லைசென்ஸ முடக்குவாக. முடக்கட்டுமே. எனக்குத் தெரிஞ்ச கம்பெனி மொதலாளிக இருக்காக. ஒன் அண்ணன் எடம் இப்பக் காலியாத்தான கெடக்கும்? நான் ஒரு வார்த்தை சொன்னா ஒன்னையச் சேர்த்துக்கிருவாக" என்றார்.

அண்ணன் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. அந்த அறைக்குச் சுவர் மட்டும் நிற்கிறது, கூரை இல்லை. அதில் போய் என்னை உட்காரச் சொல்கிறார். அதுவும் உதவி செய்வதாக நினைத்துச் சொல்கிறார். நெஞ்சறிந்து என்னைக் கொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மருமகன் பிழைப்பு பிழைப்பு, என்னுடையது பிழைப்பு இல்லை என்று அவருக்கு யோசிக்காமலே தெரிந்திருக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே சங்கையா என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அதன்பின்தான் இந்த மனுவைக் கொடுத்தேன்.

மேற்படி கார் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. நான் போய்ப் பார்த்தேன். சீட்டுகளுக்கு நான் மாட்டிய வெள்ளை உறைகளில் மற்றவை அப்படியே இருக்கின்றன. டிரைவர் சீட்டு உறை மட்டும் இல்லை. அதைக் கழற்றியவர் யார் என்று சங்கையாவை விசாரிக்க வேண்டும். உறையைக் கழற்றியவருக்கு அவசரம் போலிருக்கிறது, உறைக்குக் கீழே பார்க்கவில்லை. மஞ்சள் தண்ணீர் சீட்டு வரைக்கும் இறங்கிக் காய்ந்திருக்கிறது. அய்யா அவர்கள் நேரில் வந்து அதைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் தீட்டு ஒட்டிவிடக் கூடாது என்று மஞ்சள் தெளித்துக் கழுவிய அந்தச் சீட்டில்தான் சாயங்காலம் நான் உட்கார்ந்திருந்தேன் என்று இவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாமி காரியத்துக்கு ஆகாதவன் கேஸுக்கு ஆகிறேன். முதல் தகவல் அறிக்கையில் ஓட்டியவர் என்று உள்ள என் பெயரை எடுத்துவிட்டு, உண்மையில் ஓட்டியவர் பெயரை எழுத வேண்டும். என் லைசென்ஸை என்னிடம் திருப்பித் தர வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதச் சொல்கிறேன். இன்று காலை இந்த அலுவலகத்துக்கு வந்து வராந்தா பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். சோலைச்சாமியும் விசாரணைக்கு வந்தார். வராந்தாவில் வேறு பெஞ்சுகள் காலியாக இருந்தன. அவர் என் பெஞ்சுக்கு வந்து, என்னை ஒட்டி உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, "தம்பி, ஒன்னைய எம் மகன் மாதிரி நெனச்சுக் கேக்கேன்" என்றார். என்னை அய்யா உள்ளே கூப்பிடும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை. எங்கள் வீட்டில் இன்னும் கருமாதி ஆகவில்லை. வெம்பக்கோட்டையில் என்னைக் காரிலிருந்து அவர் இறக்கியபோது என் மேல் இருந்த தீட்டு இன்னும் என் மேல்தான் இருக்கிறது. அவரிடம் அதைச் சொன்னேன். பரவாயில்லை என்றார்.

மேலே எழுதியதை ஏட்டையா முதலிலிருந்து வாசித்துக் காட்ட நான் கேட்டேன். என் வாயிலிருந்து வந்தபடியே இருக்கிறது. பிறர் சொல்லிக் கொடுத்ததோ மிரட்டி வாங்கியதோ இதில் ஒரு சொல்லும் இல்லை. அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டு என் கையால் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
வே. பாண்டிராஜ்
டிரைவர்